நார் போகும் வழியில் கத்தி: டெல்டா மரங்களில் கரண்டியும் அகப்பையும்

மரக்கரண்டி உடைந்தால் பெரும்பாலும் கழுத்தில்தான் உடையும். குழியும் காம்பும் சேர்கிற இடத்தில். உடைந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நார்கள் காம்போடு நீளவாக்கில் வராமல் சாய்வாக வந்து, கழுத்தின் மேல்பக்கம் நுழைந்து அடிப்பக்கம் வெளியேறியிருக்கும். பலகையில் படம் வரைந்து இயந்திரத்தில் அறுத்தெடுத்த கரண்டிகளில் இது சகஜம். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறுக்கிற வாளுக்குத் தெரியாது. கோடாலிக்குத் தெரியும். பிளக்கும்போது கட்டை தன் நார் போகும் வழியிலேயேதான் விட்டுக்கொடுக்கும். அதனால் பிளந்த கட்டையில் செய்த கரண்டிக்குக் கழுத்து 14 மி.மீ. இருந்தால் போதும், பத்து ஆண்டு குழம்பு கிண்டும். அறுத்த பலகையில் செய்ததற்கு 20 மி.மீ. விட்டாலும் நம்பிக்கை இல்லை.

கை பழகாத ஒருவர் செய்த கோணல் கரண்டிகூட நார் பார்த்துப் பிளந்திருந்தால் உழைக்கும். அழகாக இழைத்துப் பளபளப்பேற்றிய கரண்டி நார் குறுக்கே ஓடினால் ஒரு கல்யாணச் சமையலைத் தாங்காது. கீழே வருகிற எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

கட்டை எங்கே கிடைக்கும்

காவிரி டெல்டாவில் கரண்டிக்காக மரம் வெட்ட வேண்டிய தேவையே இல்லை. சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர்வாருகிற நேரம், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் தண்ணீர் தடையில்லாமல் வரவேண்டும் என்று கரையில் சாய்ந்து கிடக்கிற பூவரசங் கிளைகளைக் கழித்துப் போடுவார்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, புளியும் வாகையும் கிளை முறிப்பது உறுதி. மழைக்காலத்துக்கு முன்னால் மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தென்னையோடு மாவும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்போது எத்தனையோ நல்ல பலாக்கட்டை செங்கல் சூளைக்கும் அடுப்புக்கும் போயிற்று. ஒரு முழ நீளத் துண்டு ஒரு வீட்டுக்கு நாலு கரண்டி தரும் என்பது தெரிந்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆற்றங்கரை, சாலையோர மரங்கள் அரசுக்குச் சொந்தம். விழுந்து கிடந்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். தோப்புக்காரரிடமும் அப்படியே. விறகுக்குப் போகிற கிளையில் ஒரு முழம் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

கொள்ளிடத்து வெள்ளத்தில் அடித்துவந்து மணலில் ஒதுங்கிய கட்டையை மட்டும் விட்டுவிடுங்கள். பார்க்க வழுவழுவென்று ஆசை காட்டும். வெடிப்புகளுக்குள் மணல் ஏறியிருக்கும்; இரண்டு சீவலில் உளியின் வாய் போய்விடும். அதைவிட, அது என்ன மரம் என்று தெரியாது. பெயர் தெரியாத மரத்தில் வாய்க்குப் போகிற சாமான் செய்யக் கூடாது.

எந்த மரம்

முதல் இடம் பூவரசுக்கு. வாய்க்கால் கரையெல்லாம் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டு வேலியாக வளர்த்த மரம் என்பதால் டெல்டாவில் இதற்குப் பஞ்சமே கிடையாது. வெளிப்பக்கம் வெளிறிய மரம், உள்ளே சாக்லேட் நிறத்துக்குப் போகிற சிவப்பு வைரம், அதாவது முற்றி இறுகிய உள்மரம். நார் நெருக்கம், காயும்போது சுருக்கம் குறைவு, தண்ணீருக்கு அஞ்சாது, சாப்பாட்டில் வாசனையோ சுவையோ இறக்காது. இதே மரத்துக்கு ஹவாய்த் தீவுகளில் 'மிலோ' என்று பெயர். அங்கே பழங்காலத்திலிருந்து உணவுக் கிண்ணம் கடைந்தது இதில்தான், சுவை இறக்காது என்ற அதே காரணத்துக்காக. பூவரசில் கவனிக்க வேண்டியது, கிளை நேராக வளராது. ஒரு முழம் நேரான துண்டு கிடைப்பது அரிது. ஆனால் அந்த வளைவே ஆழமான கரண்டிக்கு வரப்பிரசாதம். அதற்குப் பிறகு வருகிறேன்.

கொய்யா இரண்டாவது. கொல்லைக் கொய்யாவில் மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் கிடைப்பது கடினம், அதனால் சின்னக் கரண்டிக்குத்தான் ஆகும். ஆனால் பச்சையில் வெண்ணெய்போல் சீவலாம், காய்ந்தபின் எலும்புபோல் இறுகும். முதல் கரண்டி செய்கிறவர் கொய்யாவில் தொடங்கினால் மனம் தளராது.

பலா நல்ல மரம். தஞ்சாவூர் வீணை இதில்தான் ஆகிறது. மஞ்சள் வைரம், நாளாக நாளாகச் செம்பழுப்பாக மாறும். பச்சைக் கட்டையில் பால் வடியும். கத்தியில் ஒட்டும், கையிலும் ஒட்டும். கத்தியில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்யுங்கள், பலாப்பழம் அரிகிற மாதிரியேதான். முதல் சில தடவை சூடான குழம்பில் லேசாக மஞ்சள் விடும். முன்கூட்டியே வேகவைத்தால் அதுவும் குறையும்.

புளி வைரத்தின் உறுதி தெரிய வேண்டுமென்றால் கறிக்கடைக் கட்டையைப் பாருங்கள். அந்த வைரத்தில் கரண்டி செய்தால் மகன் காலத்துக்கும் வரும், ஆனால் வைரம் பாய்ந்த புளியைக் காயவிட்டால் பிறகு கத்தி ஏறாது. வெட்டிய வாரத்திலேயே குழியை எடுத்துவிட வேண்டும். வைரமில்லாத வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும். அதை முடிந்தவரை சீவித் தள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம், வேதாரண்யம் நாகப்பட்டினம் வழியெல்லாம், சீமைக் கருவேலம் இலவசம். எல்லோரும் வைகிற மரம்தான். ஆனால் கரண்டி செய்கிறவருக்கு இது ஒரு புதையல். பெரும்பாலான மரங்கள் காயும்போது ஒரு திசையில் அதிகமாகவும் ஒரு திசையில் குறைவாகவும் சுருங்கும். சீமைக் கருவேலம் இரண்டு திசையிலும் மிகக் குறைவாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் சுருங்கும். வெடிப்பது குறைவு, நெளிவது குறைவு. முள்ளைக் கழித்துவிட்டு, தொடைப் பருமன் அடிமரம் கிடைத்தால் விடாதீர்கள். துவர்ப்பு அதிகம் என்பதால் முதலில் கொதிக்கவைத்துச் சாயத்தை இறக்க வேண்டும். இரும்புச் சட்டியில் போட்டுக் கிண்டினால் கரண்டி கறுக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. நாவலும் புளியும் இதே குணம்.

வேம்பில் செய்யலாம், செய்கிறார்கள், கடைகளிலும் நிறைய விற்கிறது. கசப்பு இறங்குவதற்கு இரண்டு மூன்று தடவை வேகவைக்க வேண்டும். நார் பின்னிப் பின்னி ஓடுவதால் குழிக்குள் உளி ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் பிய்த்துக்கொண்டும் போகும். பூவரசு கிடைக்கிற ஊரில் வேம்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மாமரம் வெட்டிய பத்து நாளில் நீலம் பாய்ந்து உளுக்கத் தொடங்கும். உடனே செய்தால் சரி. ஒதியும் முருங்கையும் வேண்டாம். ஒதி பெருத்தால் தூணாகுமா என்பது கரண்டிக்கும் பொருந்தும். தென்னந்தண்டின் வெளிச்சுற்றும் பனையின் கருஞ்சிராயும் உறுதிதான், ஆனால் நார் ஊசி ஊசியாகப் பிரியும். வாயில் சிராய் குத்தும். தென்னைக்கு வேறு வேலை இருக்கிறது, அகப்பைப் பகுதியில் பார்க்கலாம்.

கையாலேயே தொடக் கூடாதவை: அரளி, மஞ்சள் அரளி இரண்டும் கட்டை வரைக்கும் இதயத்தைத் தாக்குகிற விஷம். எட்டியும் விஷம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இருக்கிற தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பழைய வீட்டு நிலை, சன்னல் கட்டை கிடைத்தால் பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்று ஒதுக்குங்கள். தண்டவாளக் கட்டை, படகுப் பலகை இரண்டிலும் ஏறியிருப்பது வாய்க்கு ஆகாத எண்ணெய்.

பச்சையிலேயே ஏன்

காய்ந்த கட்டையில் செய்தால் வெடிக்காது என்று நினைத்து மாதக்கணக்கில் கட்டையை வெயிலில் போட்டுவைப்பார்கள். கட்டைதான் வெடித்திருக்கும். காரணம் எளிது. மரம் காயும்போது, வளைய வாக்கில் சுருங்குவது நடுமையத்திலிருந்து பட்டை நோக்கிய வாக்கில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. முழு உருளைக் கட்டையில் வெளிவளையம் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கிற மரம் விடாது. எங்காவது கிழிந்தாக வேண்டும். நடுமையத்தை விட்டுப் பிளந்துவிட்டால் இந்த இழுபறி பெரும்பாலும் தீர்ந்தது. மெல்லியதாகச் செதுக்கிவிட்டால் இன்னும் தீர்ந்தது, வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே வேகத்தில் காயும். பச்சையில் செய்வது கைக்கு எளிது என்பதற்காக மட்டுமில்லை. வெடிக்காமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

உடனே செய்ய முடியாவிட்டால் கட்டையைத் தேவைக்கு மேல் இருபுறமும் 5 செ.மீ. கூடுதலாக அறுத்து, குளத்திலோ தொட்டியிலோ கல்லைக் கட்டி முழுக்க அமிழ்த்திவையுங்கள். தண்ணீருக்குள் இருக்கிற மரம் வெடிக்காது, வண்டும் வராது. மூங்கிலை இப்படி ஊறப்போடுவது ஊருக்கு ஊர் தெரிந்த வழக்கம்தான். நாற்றம் வரும், நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். தண்ணீர் வசதி இல்லையென்றால் இரண்டு முனையிலும் பசுஞ்சாணியைக் கெட்டியாக அப்பி நிழலில் போடுங்கள். பட்டையை உரிக்காதீர்கள்.

பிளப்பது

சாதாரணக் கரண்டிக்கு 10 முதல் 12 செ.மீ. விட்டமும் 35 செ.மீ. நீளமும் உள்ள துண்டு போதும். குழம்புக் கரண்டி மாதிரி ஆழமானதற்கு 18 செ.மீ. விட்டமும் கரண்டியின் அளவுக்கு ஏற்ற நீளமும் வேண்டும். கணு இல்லாத துண்டு. கணு இருந்தே ஆகவேண்டுமென்றால் காம்பின் கடைசியில் வரட்டும், கழுத்தில் வரக் கூடாது.

கோடாலியை நடுமையத்தின் மேலேயே வைத்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடியுங்கள். ஓங்கி வெட்டினால் குறி தவறும். பிளவு நடுவில் திறந்ததும் மர ஆப்பு இரண்டு வைத்துத் தொடருங்கள். பிளந்த முகத்தைப் பாருங்கள்: நேராக வந்தால் நேர் நார். விமான விசிறியின் இறக்கைபோல் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் முறுக்கிக்கொண்டு வந்தால் மரம் முறுக்கி வளர்ந்தது. ஒரு முழத்துக்கு 2 செ.மீ.க்கு மேல் முறுக்கு இருந்தால் அந்தக் கட்டையை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். இந்த இடத்தில் மனசு இடம் கொடுக்காமல் செதுக்க உட்காருகிறவர்கள்தான் பிறகு கழுத்து உடைந்ததென்று வருத்தப்படுவார்கள்.

நடுமையத்தை ஒட்டிய 1 செ.மீ.யைச் சீவித் தள்ளுங்கள். மிச்சம் ஒரு சிறு புள்ளி இருந்தாலும் வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

இனி குழி எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? பிளந்த துண்டு காயும்போது அதன் இரு ஓரமும் பட்டையிருந்த பக்கம் நோக்கி நிமிரும். அதனால் குழியைப் பட்டைப் பக்கம் திறந்தால் காய்ந்தபின் ஓரங்கள் எழும்பிக் குழி கொஞ்சம் ஆழமாகும். தட்டையான கரண்டிக்கு இது நல்லது. நடுமையப் பக்கம் திறந்தால் ஓரங்கள் விரிந்து குழி கொஞ்சம் தட்டையாகும். ஆனால் மரத்தின் இயல்பான வளைவு குழியின் முதுகுக்குச் சரியாகப் பொருந்துவதால் அகலமான, ஆழமான குழி எடுக்க இடம் கிடைக்கும். குழம்புக் கரண்டிக்கு இதுதான் சரி. விரிவதற்கு ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் கூடுதலாக எடுத்துவிடுங்கள்.

அளவுகள்

தாளித்துக் கிளறுகிற கரண்டி: மொத்தம் 30 செ.மீ., குழி 9க்கு 6 செ.மீ., ஆழம் 12 மி.மீ. குழம்புக் கரண்டி: மொத்தம் 38 செ.மீ., குழியின் வெளிவிட்டம் 9 செ.மீ., உள்ஆழம் 35 மி.மீ.; விளிம்பு 4 மி.மீ. விட்டால் தளும்பத் தளும்ப 115 மில்லி பிடிக்கும், கைநடுங்காமல் ஊற்ற 90 மில்லி. அடிக்கனம் 6 மி.மீ. காம்பு கழுத்தருகே 14 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம். உயரம் அகலத்தைவிடக் கூட இருக்க வேண்டும், ஏனென்றால் கிண்டும்போது பாரம் வருவது மேலும் கீழுமாகத்தான். பிடிக்கிற இடத்தில் 22 மி.மீ. வரை அகலப்படுத்தலாம்.

துடுப்பு வேறு. திருவையாற்று அசோகா அல்வா, கேப்பைக் களி, பால்கோவா என்று அடிபிடிக்கிற எதற்கும் குழிக்கரண்டி உதவாது. வாய் 7 செ.மீ. அகலத்தில் நேராக, நுனியில் 3 மி.மீ. வரை மெலிந்து, பாத்திரத்தின் அடி வளைவுக்கு ஒரு மூலை மட்டும் உருண்டிருக்க வேண்டும். நீளம் 45 செ.மீ.; கொதித்துத் தெறிக்கிற களியிலிருந்து கை தள்ளியிருக்க வேறு வழியில்லை.

ஈயச் சொம்பு ரசம், கல்சட்டி வத்தக்குழம்பு, ஈயம் பூசிய கும்பகோணம் பித்தளை என்று இந்தப் பக்கச் சமையலே மரக்கரண்டிக்கு ஏற்றது. வெள்ளீயம் மிருதுவான உலோகம், எவர்சில்வர் கரண்டி பட்டால் கீறும். மாக்கல் சட்டியும் அப்படியே. மரம் இரண்டையும் ஒன்றும் செய்யாது.

வெட்டுவது, தோண்டுவது

ஒரு கைக்கோடாலி, ஒரு நேர்கத்தி, வாய் வளைந்த 20 மி.மீ. உளி அல்லது கொக்கிபோல் வளைந்த கத்தி, ஒரு சின்ன ரம்பம். வாய்ச்சி (வாய் குறுக்காக உள்ள செதுக்கு கருவி) பழகியவர்களுக்கு முதுகு வளைப்பது இன்னும் சுலபம். கொக்கிக் கத்தியைக் கொல்லர் பட்டறையில் லாரி வில்பட்டையிலிருந்து அடித்துத் தருவார்கள். வளைவு ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றுகிற அளவு இருந்தால் எல்லாக் குழிக்கும் சரியாக வரும். அதைவிடச் சிறிய வளைவு குழியை வரி வரியாகக் குதறும்.

முதலில் பக்கவாட்டுத் தோற்றத்தை வெட்டுங்கள்: குழிமுகம் எவ்வளவு சாய வேண்டும், காம்பு எங்கே நிமிர வேண்டும் என்பது. அதன்பிறகே மேலிருந்து பார்க்கிற வடிவத்தைக் கரியால் வரைய வேண்டும். பலர் மாற்றிச் செய்கிறார்கள். முதலில் மேல்வடிவத்தை வெட்டிவிட்டு, பிறகு சாய்வு எடுக்கும்போது வரைந்த கோடெல்லாம் காணாமல் போய்விடும்.

கழுத்தில் இருபுறமும் குறுக்கே ரம்பத்தால் அறுத்து நிறுத்தக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், வரைந்த கோட்டுக்கு 2 மி.மீ. முன்பாக. காம்பைச் சீவும்போது பிளவு அந்தக் கோட்டில் நின்றுவிடும். அது இல்லாமல் கோடாலி போட்டால் காம்பில் தொடங்கிய பிளவு குழியையும் சேர்த்துக்கொண்டு போகும். இந்த வேலையில் அதிகம் நடக்கிற விபத்து இதுதான்.

சாய்வு எவ்வளவு எடுக்கலாம்? நேர்நார்க் கட்டையில் குழிக்கும் காம்புக்கும் இடையில் 15 பாகை வரை பயமில்லை. அதற்கு மேல் போனால் கழுத்தில் நார் அறுபட்டுக் குட்டை குட்டையாகிவிடும். சட்டியின் அடிவரை மொள்ளுகிற, நன்றாக வளைந்த கரண்டி வேண்டுமென்றால் வளைந்த கட்டையைத் தேடுங்கள். பூவரசில் அடிமரத்திலிருந்து கிளை பிரிகிற இடம், கொய்யாவின் முழங்கை வளைவு. அடிமரத்துப் பகுதி குழியாகட்டும், கிளை காம்பாகட்டும். வளைவின் நடுமையத்தோடு பிளந்தால் நார் குழிக்குள்ளிருந்து கழுத்தைச் சுற்றி வளைந்து காம்புக்குப் போவது கண்ணுக்கே தெரியும். இப்படிச் செய்த கரண்டியின் கழுத்தை எவ்வளவு மெலிதாக்கினாலும் நாருக்கு அறுபடல் இல்லை. ஒரு நல்ல வளைவுக் கட்டை, பத்து நேர்க்கட்டைக்குச் சமம்.

குழியைத் தோண்டும்போது முதுகை இன்னும் மெலிதாக்கியிருக்கக் கூடாது. கனமாக இருந்தால்தான் பிடிக்க இடம் இருக்கும். ஜி கிளாம்பில் (திருகி இறுக்குகிற பிடியில்) பிடித்துவிட்டு, உளியை நாருக்குக் குறுக்கே, இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இறக்குங்கள். குழிக்குள் எப்போதும் இறக்கத்தில் வெட்டு, ஏற்றத்தில் வெட்டாதே என்பது விதி. ஏற்றத்தில் போகிற கத்தி நாரின் அடியில் நுழைந்து பிய்க்கும். கழுத்துப் பக்கச் சுவரும் நுனிப்பக்கச் சுவரும் நாரின் தலைப்பக்கம் என்பதால் அங்கே மெல்லிய சீவலாக, கத்தியைச் சற்றே சறுக்கவிட்டு எடுங்கள். கரண்டியைத் தொடையிடுக்கில் வைத்துத் தோண்டவே கூடாது. தொடையின் உள்பக்கம் பெரிய நாளம் ஓடுகிறது. மடியில் வைத்து உளி பிடிப்பதும் அப்படித்தான். குழி முடிந்தபின் விரலிடுக்கில் பிடித்துத் தடவிக்கொண்டே முதுகைச் சீவி அளவுக்குக் கொண்டுவாருங்கள். முழு அளவுக்கு வேண்டாம், எல்லாப் பக்கமும் 2 மி.மீ. மிச்சம் இருக்கட்டும்.

கத்தி பிய்க்கத் தொடங்கினால் முதலில் மரத்தைக் குறை சொல்லாதீர்கள். சாணை போயிருக்கும். மூங்கில் குச்சியில் 400, 800, 2000 உப்புத்தாளை வரிசையாகச் சுற்றி, வளைந்த வாயின் சாய்வுப் பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். கடைசியில் பழைய தோல் வாரில் பத்து இழுப்பு.

வேகவைத்துக் காயவைப்பது

குழி எடுத்த பச்சைக் கரண்டியைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெள்ளைப் பகுதிக்குள் இருக்கிற வண்டின் முட்டையும் புழுவும் சாகும், துவர்ப்பும் கசப்பும் சாயமும் இறங்கும், மரத்துக்குள் இருக்கிற இறுக்கம் தளரும். சாயத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு கொதி. பூவரசுக்கும் கொய்யாவுக்கும் ஒரு கொதி போதும்.

பிறகு பழைய பருத்தி வேட்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்று நேராகப் படாத மூலையில் வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்பு மேடையிலும் வேண்டாம். சித்திரை, ஆனி மாதங்களில் காற்று வறட்சியாக வீசும், மூன்றாம் நாளே விளிம்பு வெடிக்கும். அப்போது துணியை லேசாக ஈரப்படுத்தி முதல் நான்கு நாள் மெதுவாக்குங்கள். ஐப்பசி அடைமழையில் பிரச்சினை தலைகீழ்: காயாது, மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கும். அப்போது துணியே வேண்டாம், மின்விசிறி ஓடுகிற அறையில் கொடியில் கட்டித் தொங்கவிட்டால் சரியாகிவிடும். மழைக்காலத்து மாமரத்தை நம்பாதீர்கள்.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துத் தெரியாது. சமையலறைத் தராசில் தினம் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். பச்சையில் 100 கிராம் இருந்தது 65 கிராம் பக்கம் வந்து, மூன்று நாள் தொடர்ந்து அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. சாதாரணமாக 10 முதல் 15 நாள்.

விளிம்பில் மயிரிழை வெடிப்பு கண்டால் பசை வைத்து மூடப் பார்க்காதீர்கள். 3 மி.மீ. வரை உள்ள வெடிப்பு என்றால் விளிம்பைச் சீவி இறக்கிவிடலாம். கழுத்துக்குள் போயிருந்தால் அந்தக் கட்டை போய்விட்டது.

மெருகும் எண்ணெயும்

காய்ந்தபின் மிச்சமிருக்கிற 2 மி.மீ.யைக் கூர்மையான கத்தியால் ஒரே ஓட்டமாகச் சீவுங்கள். நன்றாகச் சாணை பிடித்த கத்தி விட்ட முகம் உப்புத்தாள் முகத்தைவிடத் தண்ணீரில் குறைவாகச் சிலிர்க்கும். குழிக்குள் மட்டும் 80, 120, 180, 240 என்று தேய்க்கலாம். 80ஐ அவசரமாக முடித்தால் அதன் கீறல் 240 வரைக்கும் வரும். சீமைக் கருவேலத்தின் தூளும் தூங்குமூஞ்சியின் தூளும் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், துணி கட்டிக்கொள்ளுங்கள். கடைசித் தாளுக்கு முன் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் சிலிர்த்து நிற்கும். அதைச் சீவிவிட்டால் மறுபடி எழாது.

எண்ணெயில்தான் குழப்பம் அதிகம். தேங்காயெண்ணெய் எவ்வளவு நாளானாலும் உலராது. கெடுதலில்லை, ஆனால் நாலு கழுவலில் போய்விடும். நல்லெண்ணெய் பாதி உலரும், கனமாகத் தடவினால் பிசுபிசுவென்று நின்று சிக்கு வாடை அடிக்கும். காற்றுப் பட்டு உறைந்து நிற்பது ஆளிவிதை எண்ணெய். சாப்பிடுவதற்கு விற்கிற, செக்கில் பிழிந்ததை வாங்குங்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கிற காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது கதவுக்கு. மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நாலு நாள் இடைவெளியில் மூன்று தடவை. மழைக்காலத்தில் இடைவெளி இரட்டிப்பு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடாகும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள். மேலே ஒரு பங்கு தேன்மெழுகும் நாலு பங்கு எண்ணெயும் உருக்கிய களிம்பைத் தடவினால் கைக்கு இதமாக இருக்கும். தினம் குழம்பில் போகிற கரண்டிக்கு இதெல்லாம் முதல் மாதத்துக்குத்தான். பிறகு சமையலே அதற்கு எண்ணெய் போட்டுக்கொள்ளும்.

கொட்டாங்கச்சி அகப்பை

தென்னையின் உறுதி கட்டையில் இல்லை, ஓட்டில் இருக்கிறது. நன்றாக முற்றிய நெற்றுத் தேங்காயை உடைத்து, கண்ணில்லாத பாதியை எடுங்கள். கண்ணுள்ள பாதி ஒழுகும். பருப்பை நீக்கி இரண்டு நாள் நிழலில் வைத்து, வெளி நாரைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, விளிம்பை அரத்தால் மட்டமாக்குங்கள். விளிம்பிலிருந்து 10 மி.மீ. இறங்கி எதிரெதிராக இரண்டு துளை. 8 மி.மீ.க்குக் குறைந்தால் காம்பை ஏற்றும்போது துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் விட்டுவிடும். துளையைத் துளைக்கருவியால் 4 மி.மீ.யில் தொடங்கி, உருண்டை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குங்கள். ஒரேயடியாகப் பெரிய துளை போட்டால் ஓடு நொறுங்கும். முன்துளை 9 மி.மீ., பின்துளை 12.

காம்பு முற்றிய மூங்கில் பட்டை, 40 செ.மீ. பின்துளை வழியாக நுழைந்து குழியின் குறுக்கே போய் முன்துளையில் 1 செ.மீ. வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். நுனியைப் படிப்படியாக மெலிதாக்கி, கையால் தள்ளியே இறுகுகிற அளவுக்கு வாருங்கள். சுத்தியல் எடுத்தால் ஓடு போயிற்று. வெளியே வந்த நுனியில் சின்ன மூங்கில் ஆணி. மூங்கிலைக் காய்ந்த நிலையில் பொருத்த வேண்டும், பச்சையாகப் பொருத்தினால் சுருங்கி ஆடும். சோறு வடிக்கிற சூட்டிலும் ஈரத்திலும் மூங்கில் ஊதித் துளையை இன்னும் இறுக்கும். கோடையில் உபயோகமில்லாமல் தொங்கி ஆடத் தொடங்கினால் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் போதும்.

உபயோகத்தில்

குழம்பிலேயே விட்டு மூடிவைக்காதீர்கள், கழுவி நிமிர்த்திக் காற்றில் காயவையுங்கள், இரவெல்லாம் தொட்டித் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். மஞ்சள் கறை பற்றிக் கவலை வேண்டாம், ஒரு நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் தானே வெளுத்துவிடும். காய்ந்த கரண்டிக்கு அந்த ஒரு நாள் வெயில் ஒன்றும் செய்யாது.

துடுப்பு மட்டும் தேயும். வலக்கையால் கிண்டுகிறவர் துடுப்பில் வாயின் இடப்பக்க மூலை மெல்ல மெல்லக் குறைந்து, இரண்டு மூன்று ஆண்டில் வாய் சரிந்து நிற்கும். அப்போது வாயை மறுபடி நேராக அறுத்து, 3 மி.மீ. கனத்துக்குச் சீவி, மூலையை உருட்டினால் புதிதாகிவிடும். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை செ.மீ. போகும். முதலிலேயே வாயை 12 செ.மீ. நீளத்துக்கு விட்டுச் செய்தால் நாலு தடவை இப்படி எடுக்கலாம்; அதன்பிறகு மிச்சமிருப்பது குட்டையாகி, தோசை மாவு கலக்க ஆகும்.